கொலைகாரன் யார் என்று கேட்காதீர்கள்: 2025 படங்கள், தொடர்கள் – கேள்வி பதில்

2025இல் வந்தவற்றில் மூளைக்கு வேலை தருகிற படங்கள், தொடர்கள் எவை என்று வன்னி முழுக்க இருந்து கேட்டிருக்கிறீர்கள். முடிந்தவரை பதில் சொல்கிறேன். ஒரே நிபந்தனை: பத்து நிமிடத்தில் முழுக்கதையும் சொல்லும் யூடியூப் வீடியோவைப் பார்த்துவிட்டு என்னோடு சண்டைக்கு வராதீர்கள்.

மாங்குளம்: ஒரே ஒரு படம் பார்க்கத்தான் நேரமிருக்கு எண்டால் எதை அண்ணை?

ஜாஃபர் பனாஹியின் 'இட் வாஸ் ஜஸ்ட் ஆன் ஆக்சிடன்ட்'. ஈரான்காரர். மே மாதம் கான் விழாவில் தங்கப்பனை வாங்கிய படம்.

இரவில் குடும்பத்தோடு காரில் போகிற ஒருவன் நாயொன்றை அடித்துவிடுகிறான். கார் பழுதாகி ஒரு இடத்தில் நிற்க, அங்கே வேலை செய்யும் வாகித்துக்கு அந்த ஆளின் பொய்க்கால் கிறீச்சிடுவது கேட்கிறது. சிறையில் தன்னை வதைத்தவனின் காலும் இப்படித்தான் சத்தம் போடும். ஆனால் கண்ணைக் கட்டி விசாரித்ததால் வாகித் அவன் முகத்தைக் கண்டதே இல்லை. ஆளைக் கடத்தி, குழி வெட்டி, மண்ணையும் தள்ளத் தொடங்கியபிறகு சந்தேகம் வருகிறது: இவன்தானா?

அப்புறம் ஆளைத் தன் வான் வண்டியில் போட்டுக்கொண்டு, சிறைபட்ட மற்றவர்களைத் தேடிப் போகிறான். ஒருத்தி வியர்வை மணத்தை வைத்துச் சொல்கிறாள். ஒருவன் காலைத் தடவிப் பார்த்துச் சொல்கிறான். நடுவில் கல்யாண உடுப்போடு ஒரு பெண்ணும் வானைத் தள்ளுகிறாள். சிரிப்பு வந்துவிடும், வந்ததற்காகக் கூச்சமும் வரும். அரச அனுமதி இல்லாமல் எடுத்த படம். பனாஹியே 2023 வரை உள்ளே இருந்துவிட்டு வந்தவர். இதை ஏன் நான் முதலில் வைக்கிறேன் என்று இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

பரந்தன்: மண்டை குழம்புற மாதிரி ட்விஸ்ட் படம் சொல்லுங்கோ.

குழம்புவது வேறு, யோசிப்பது வேறு தம்பி. அடுத்த ஆளைக் கேளுங்கள்.

கிளிநொச்சி, ஆசிரியை: பத்தாம் வகுப்புப் பிள்ளைகளோடு கதைக்க ஏற்ற தொடர் ஏதும்?

'அடோலசன்ஸ்', டீச்சர். ஆனால் முதலில் நீங்களும் பெற்றோரும் பாருங்கள், பிறகு பிள்ளைகள். நெட்ஃபிளிக்ஸில் மார்ச்சில் வந்தது, நாலே பகுதி. கூடப் படித்த பெண்பிள்ளையைக் கொன்றதாக 13 வயதுப் பெடியனைக் கைது செய்கிறார்கள். செய்தது யார் என்பதை முதல் பகுதியிலேயே சொல்லிவிடுவதால், ஏன் என்பதுதான் மிச்சம். ஒவ்வொரு பகுதியும் வெட்டே இல்லாமல் ஒரே ஷாட்.

மூன்றாம் பகுதியில் ஒரு அறை, ஒரு மேசை, பெடியன், உளவியலாளர். அவனுக்கு ஹாட் சாக்லேட்டும் அரைத்துண்டு சாண்ட்விச்சும் கொண்டுவருகிறார். அவன் ஒரு நேரம் குழந்தை. அடுத்த நிமிடம் எழும்பி நின்று அவரைப் பயமுறுத்திப் பார்த்து, பயந்தாரா என்று கவனிக்கிறான். அவன் போனபிறகு, கடித்துவிட்டுப் போன அந்தச் சாண்ட்விச்சைத் தொடவே அவருக்குக் கை வரவில்லை. ஃபோனைத் தூர வைத்துவிட்டு நிறுத்தாமல் பார்க்க வேண்டும். இதன் கதைச்சுருக்க வீடியோவில் இந்தச் சாண்ட்விச் இருக்காது!

மல்லாவி: 'கூலி' பற்றி?

ரஜினிக்காகப் பாருங்கள். இந்தப் பட்டியலுக்கு வேண்டாம்.

புதுக்குடியிருப்பு: எங்கட கதையே வந்திருக்கு, 'டூரிஸ்ட் ஃபேமிலி'. அதை ஏன் சொல்லேல்ல?

நெருக்கடிக்குத் தப்பி இலங்கையிலிருந்து இந்தியாவுக்குப் போகும் குடும்பத்தின் கதை. நல்ல படம், சிரித்துத்தான் பார்த்தேன். முதல் படத்திலேயே இயக்குநர் அபிஷன் ஜீவிந்துக்கு மனிதர்களைப் பிடிக்கத் தெரிகிறது. ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் எல்லாரையும் நல்லவராக்கிவிட்டால் பார்க்கிறவனுக்கு யோசிக்க என்ன மிச்சம்?

நெடுங்கேணி: அண்ணைக்கு அழுதால்தான் அறிவோ? சிரிக்க வைக்கிறதும் கஷ்டமான வேலைதான்.

கஷ்டம்தான், மறுக்கவில்லை. என் பிரச்சினை வேறு. 2022 மார்ச்சில் பொருளாதார நெருக்கடி தாங்காமல் மன்னார்ப் பக்கமிருந்து வள்ளமேறி தனுஷ்கோடியில் இறங்கியவர்களை மண்டபம் அகதி முகாமில்தான் வைத்தார்கள். படத்துக் குடும்பம் சென்னையில் காலனி வீட்டில் குடியேறுகிறது. கற்பனைக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் முகாமைத் தாண்டிப் போகிற படம், எதைத் தாண்டிப் போகிறோம் என்று தனக்காவது தெரிந்து போகவேண்டும்.

புதுக்குடியிருப்பு (திரும்பவும்): படத்தில சின்னவனுக்கு, முள்ளிவாய்க்காலை நினைக்க வைக்கிற முள்ளி எண்டு பெயர் வைச்சிருக்கினம். அது காணாதோ?

எனக்குக் காணாது. உங்களுக்குக் காணும் என்றால் அது உங்கள் நியாயம்.

முள்ளியவளை: அதில அம்மாவா வாற சிம்ரன் கதைக்கிற தமிழ் எந்த ஊர்த் தமிழ்?

நல்லாய்க் கேட்டீர்கள். ஆனால் நாங்கள் மட்டும் ஒரே தமிழா கதைக்கிறோம்? முள்ளியவளைப் பழைய குடி ஒரு மாதிரி, குளத்தை நம்பி யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சிக்கு வந்த குடியேற்றக்காரர் ஒரு மாதிரி, 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்தவர்கள் இன்னொரு மாதிரி. இதில் எதைப் பேசினால் சரி என்று நீங்களே முதலில் முடிவெடுங்கள். இதைப் பற்றி இன்னும் பதினாறு பேர் எழுதியிருக்கிறீர்கள். இத்தோடு விடுவோம்.

விசுவமடு: மலையாளத்தில்?

'பொன்மேன்'. கல்யாணத்துக்கு நகையைக் கடனாகக் கொடுத்து, கல்யாண வீட்டில் சேரும் மொய்க் காசில் அதை எடுத்துக்கொள்ளும் ஒருவன். மொய் குறைந்துபோகிறது, நகை பெண்ணின் கழுத்தோடு மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்விடுகிறது. அந்த ஆளாக நடிக்கும் பேசில் ஜோசப் அதை மீட்க அலைகிறார். அவர் பக்கமும் நியாயம், பெண் பக்கமும் நியாயம். சீதனம் பேசி முடிக்கும் வீடுகளில் பேச்சுக்கு முதல்நாள் போட்டுக் காட்டலாம்.

வவுனியா: சிங்களப் படம்?

சிங்கள இயக்குநர் பிரசன்ன விதானகேயின் 'பாரடைஸ்' உண்டு, ஆனால் அது 2024 கணக்கு, பேச்சும் பெரும்பாலும் மலையாளமும் ஆங்கிலமும். 2022 நெருக்கடிக்குள் இலங்கையைச் சுற்றிப்பார்க்க வரும் மலையாளத் தம்பதியின் கதை. பார்க்காதவர்கள் பாருங்கள்.

துணுக்காய்: 'சுழல்' தொடரின்ர இரண்டாவது சீசனில கொலைகாரன் யார்?

தலைப்பை ஒருக்கால் வாசியுங்கள்.

கனகராயன்குளம்: ஆஸ்பத்திரித் தொடர் ஒண்டு சொல்லுறாங்கள்?

'த பிட்'. அவசர சிகிச்சைப் பிரிவில் ஒரே ஷிஃப்ட், 15 பகுதி, பகுதிக்கு ஒரு மணித்தியாலம். தாதியாக வேலை செய்யும் என் மருமகள் பார்த்துவிட்டு, வீட்டிலும் டியூட்டியா என்று நிறுத்திவிட்டாள். அதைவிடப் பெரிய சான்றிதழ் தேவையில்லை.

ஒட்டுசுட்டான்: 'செவரன்ஸ்' முதல் சீசன் கதையை வீடியோவில பார்த்திட்டு இரண்டாவதைத் தொடங்கலாமோ?

ஏலாது.