மணிக்கு 83 ரூபாய்

அன்புள்ள ஐயா,

பத்தாவது படிக்கும் என் மகன் பிஎஸ்5 என்ற வீடியோ கேம் பெட்டியில் விளையாட ஒரு புது கேம் கேட்கிறான். விலை 4,999 ரூபாய். முதலில் சத்தம் போட்டேன். அவன் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினான். கேமை முடிக்க 60 மணி நேரம் ஆகுமாம், ஆக மணிக்கு 83 ரூபாய். தியேட்டருக்குப் போனால் டிக்கெட், பாப்கார்ன், பார்க்கிங் என்று ஆளுக்கு 400 ரூபாய். படம் இரண்டரை மணி நேரம். மணிக்கு 160 ரூபாய். “எதுப்பா லாபம்?” என்கிறான். வங்கியில் வேலை பார்க்கும் எனக்கே அந்தக் கணக்கில் தப்பு தெரியவில்லை. புது கேம்களுக்கு உண்மையிலேயே இந்த விலை தகுமா? அவற்றில் வரும் துப்பாக்கிச் சண்டைகளும் கவலையாக இருக்கின்றன.

க., ஈரோடு

அன்புள்ள க.,

துப்பாக்கியை விடுங்கள். தாளில் கணக்குப் போட்டு அப்பாவிடம் வாதாடுகிற பையனைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை. எனக்கு அப்பாவைப் பற்றித்தான் கவலை. வங்கியில் இருந்துகொண்டு இந்தக் கணக்கில் ஓட்டை தெரியவில்லை என்கிறீர்களே!

விலை ஏறியது உண்மைதான். பெரிய கேம்கள் அமெரிக்காவில் பல வருடம் 60 டாலரில் நின்றன. 2020-இல் 70 ஆயின. 2025-இல் மரியோ கார்ட் வேர்ல்டு என்ற கேமுக்கு நின்டெண்டோ நிறுவனம் 80 டாலர் வைத்தது. 1990-களிலேயே அங்கே 70 டாலர் வரை விற்றதே, விலைவாசியைச் சேர்த்துப் பார்த்தால் இன்று மலிவுதானே என்பார்கள். அமெரிக்கச் சம்பளம் வாங்குபவருக்கு அது சரி. ஈரோட்டில் 5,000 ரூபாய் என்பது 5,000 ரூபாய்தான்.

நான் சொல்ல வந்தது அந்த மணிக் கணக்கைப் பற்றி. போன மாதம் பரணைச் சுத்தம் செய்தபோது, டிவி கேம் பெட்டியில் செருகி விளையாடும் ஒரு மஞ்சள் கேசட் கிடைத்தது. கார்ட்ரிட்ஜ் என்பது அதன் பெயராம், எங்கள் தெருவில் அது கேசட்தான். மேலே ‘9999 இன் 1’ என்று அச்சிட்டிருக்கும். 1996 கோடை விடுமுறையில் அப்பாவை நச்சரித்து, மதுரையில் ஒரு கடையில் 300 ரூபாய்க்கு வாங்கியது. பஸ்ஸில் வரும்போது நானும் உங்கள் மகன் மாதிரியே கணக்குப் போட்டேன். 9999 கேம். ஒரு கேம் மூன்று பைசா! ஒரு நாளைக்கு ஒன்று விளையாடினாலும் 27 வருடம் வரும்.

வீட்டுக்கு வந்து போட்டால் முதல் பக்கத்தில் மரியோ, டாங்க், சர்க்கஸ், வாத்துச் சுடுவது. இரண்டாம் பக்கத்தில் வேறு பெயரில் மரியோ, இரண்டாவது கட்டத்திலிருந்து. மூன்றாம் பக்கத்திலும் மரியோ, கொஞ்சம் நிறம் மாறி. பத்துப் பக்கம் தள்ளியும் அதே ஏழெட்டு கேம்தான் சுற்றிச் சுற்றி வந்தது. பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த அப்பா, “எல்லாம் ஒண்ணு மாதிரியே இருக்கே தம்பி” என்றார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

உங்கள் மகன் சொல்லும் 60 மணி நேரம் அந்த 9999-தான் ஐயா. இன்று பெரிய கேம்களில் ஒரு நாட்டையே வரைபடமாக விரித்து, அதில் நூறு புள்ளி வைத்துவிடுகிறார்கள். ஒரு புள்ளியில் கோபுரம் ஏற வேண்டும், அடுத்ததில் பெட்டி திறக்க வேண்டும், அதற்கடுத்ததிலும் பெட்டிதான். அசாசின்ஸ் கிரீட் ஒடிசி 2018-இல் வந்தது, பிரம்மாண்டமான கேம். அதே கேமுக்குள், உங்கள் வீரன் சீக்கிரம் தேறிவர வேண்டுமா, இன்னொரு பத்து டாலர் கொடுங்கள் என்று ஒரு பூஸ்டரையும் விற்றார்கள். யோசித்துப் பாருங்கள். நேரத்தைக் காட்டி ஒரு காசு, அந்த நேரத்தைக் குறைத்துத் தர இன்னொரு காசு. இதில் உங்கள் 83 ரூபாய் லாபமா நஷ்டமா? அதே வரிசையில் 2023-இல் வந்த மிராஜ் ரொம்பச் சின்னது. அதன் விலையும் 50 டாலர்தான்.

மறுபக்கம், 2025 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டிலிருந்து ஒரு சின்னக் குழு சில்க்சாங் என்ற கேமை 20 டாலருக்கு வெளியிட்டது. வாங்க வந்த கூட்டத்தில் ஆன்லைன் கடைகளே திணறின. ஸ்டார்டியூ வேலி ஒரே ஆள் நான்கு வருடத்துக்கு மேல் உட்கார்ந்து செய்தது. 2016-இல் 15 டாலர். அதற்குப் பிறகு வந்த சேர்க்கைகள் எல்லாம் இலவசம். இவற்றுக்கு மணிக் கணக்குப் போட்டால் ரொம்பக் கம்மியாகத்தான் வரும். அதனால் இவை உயர்ந்தவை என்று சொல்லவில்லை. அந்தக் கணக்கே வேண்டாம் என்கிறேன்.

அந்தக் கோடையில் என்னைக் காப்பாற்றியது எதிர்வீட்டு அண்ணன் கொடுத்த கான்ட்ரா கேசட். ஒரே கேம். வழி தெரிந்தவன் அரை மணி நேரத்தில் முடித்துவிடலாம். நானும் அத்தை மகனும் ஒரு வருடம் விளையாடினோம். மூன்றாவது கட்டம் அருவி. மேலே மேலே தாவிப் போக வேண்டும். ஒருவன் அவசரப்பட்டு ஏறினால் திரை அவனோடு ஏறிவிடும், கீழே நிற்பவன் செத்துப்போவான். நான் மெதுவாகத்தான் தாவுவேன். அவன் ஒவ்வொரு பாறையிலும் நின்று, குண்டு வந்து விழ விழ, “வா மாப்ள, வா வா” என்று எனக்காகக் காத்திருப்பான். அப்படிக் காத்திருந்தே பாதி உயிரை விடுவான். இப்போது அவன் மஸ்கட்டில் இருக்கிறான். பேசி இரண்டு வருடம் ஆகிறது. கேசட்டைப் படம் எடுத்து அனுப்பினேன், இன்னும் பார்க்கவில்லை.

சரி. அந்த கான்ட்ரா தெரு முழுக்கச் சுற்றியது. உங்கள் மகன் டவுன்லோடாக வாங்கினால் அப்படிக் கைமாற்ற முடியாது. அது விளையாட அனுமதிதானே தவிர, பொருள் அல்ல. 2014-இல் வந்த தி க்ரூ என்ற கார் கேமின் சர்வரை 2024 மார்ச்சில் நிறுத்தினார்கள். காசு கொடுத்தவர்கள், டிஸ்க் வைத்திருந்தவர்கள் உட்பட, தனியாகக்கூட ஓட்ட முடியவில்லை. ஆகவே சர்வர் இல்லாமல் ஓடும் கேமா என்று பார்த்து, டிஸ்க்காக வாங்குங்கள், முடித்ததும் விற்கலாம். இல்லாவிட்டால் ஒரு வருடம் பொறுக்கச் சொல்லுங்கள். பல கேம்கள் தள்ளுபடியில் பாதி விலைக்கு வந்துவிடும்.

விலை தகுமா என்றுதானே கேட்டீர்கள்? விலையை எழுதினீர்கள், மணியை எழுதினீர்கள், பாப்கார்னைக்கூட விடவில்லை. பையன் கேட்பது எந்த கேம் என்று மட்டும் எழுதவில்லை. முதலில் அவனிடம் கேட்டு, பெயரை எழுதி அனுப்புங்கள்.