சாக்கடைக்குள் விழுந்த லைட்டர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பாட்ரிசியா ஹைஸ்மித்தின் ‘ஸ்ட்ரேஞ்சர்ஸ் ஆன் எ ட்ரெயின்’ நாவலை வாசித்து முடித்த கையோடு, ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் அதைத் தழுவி எடுத்த படத்தையும் பார்த்தேன். ரயிலில் அறிமுகமாகும் புரூனோ, “உன் மனைவியை நான் கொல்கிறேன், என் தந்தையை நீ கொல்” என்கிறான். நாவலில் கதைநாயகன் ஹெய்ன்ஸ் தன் பங்குக் கொலையைச் செய்தே விடுகிறான். படத்திலோ அவன் கடைசிவரை நிரபராதி. நாவலின் உயிரையே எடுத்துவிட்ட பிறகு மிஞ்சுவது ஒரு துரத்தல் கதைதானே? இதை எப்படிச் செவ்வியல் படம் என்கிறார்கள்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் சுட்டும் மாற்றம் சிறியதல்ல. 1950இல் வெளிவந்த அந்த நாவல் ஹைஸ்மித்தின் முதல் நாவல். அதன் முழு எடையும், நல்லவன் என்று தன்னை நம்பும் ஒரு கட்டடக்கலைஞன் முன்பின் அறியாத ஒரு முதியவரைக் கொல்லும் இடத்தை நோக்கியே நகர்கிறது. கடிதங்கள் வருகின்றன, கொலை நடக்க வேண்டிய வீட்டின் வரைபடம் வருகிறது, தூக்கம் போகிறது. வெறுப்பினாலோ பேராசையினாலோ அல்லாமல், மறுத்து மறுத்துச் சலித்துப்போன ஒரு மனம் இனி மறுக்கத் தெம்பில்லாமல் அந்த வீட்டுக்குள் நுழைகிறது. குற்றக் கதைகளில் நான் வாசித்த மிகக் கொடிய பக்கங்கள் அவை.

அந்தக் காலத்து ஹாலிவுட்டின் தயாரிப்பு நெறிமுறை, கொலை செய்தவன் தண்டனையின்றித் தப்புவதை அனுமதிக்கவில்லை. மாற்றத்துக்கு அதையே காரணமாகச் சொல்லி முடித்துவிடுவது வழக்கம். எனக்கு அது போதவில்லை. நாவலிலும் ஹெய்ன்ஸ் தப்புவதில்லை, பிடிபடத்தான் செய்கிறான். ஹிட்ச்காக் குற்றத்தை அழிக்கவில்லை, அதை வேறோர் இடத்துக்கு மாற்றினார் என்பதே என் வாசிப்பு.

படத்தின் தொடக்கத்தை மறுபடி பாருங்கள். முகங்கள் இல்லை, இரண்டு ஜோடிக் காலணிகள் மட்டும் ரயிலை நோக்கி நடக்கின்றன. ரயிலுக்குள் அமர்ந்ததும் ஒரு காலணி மற்றொன்றில் இடிக்கிறது, பேச்சு தொடங்குகிறது. இடித்தது ஹெய்ன்ஸின் கால். பின்னர், விவாகரத்துக்கு இணங்க மறுக்கும் மனைவியிடம் சண்டையிட்டுத் திரும்பியவன், ரயிலின் இரைச்சலுக்கு மேலாகத் தொலைபேசியில், அவள் கழுத்தை நெரித்துவிடலாம் போலிருக்கிறது என்று கத்துகிறான். அடுத்த காட்சியில் நாம் காண்பது புரூனோவின் கைகளை. அவை செய்யப்போவது அதைத்தான். ஒருவன் வாயில் வந்த சொல் இன்னொருவன் கையில் செயலாகிறது என்பதை, ஒரு வரி விளக்கமும் இல்லாமல், இரண்டு காட்சிகளை ஒட்டவைத்தே சொல்லிவிடுகிறார். கொலை முடிந்து புரூனோ செய்தி சொல்ல வரும் இரவில், புரூனோ இரும்புக் கதவின் ஒருபுறம் நிற்கிறான். காவலர்களின் வண்டி வந்ததும் ஹெய்ன்ஸ் தானாகவே அவன் பக்கம் போய் ஒளிந்துகொள்கிறான். கம்பிகளுக்குப் பின்னால் இப்போது இருவர்.

இதைவிட முக்கியமான இடம் ஒன்று உண்டு. ஹெய்ன்ஸின் சிகரெட் லைட்டரைக் கொலை நடந்த தீவில் போட்டுப் பழியை அவன்மேல் சுமத்தப் புரூனோ கிளம்புகிறான். படத்தில் டென்னிஸ் ஆட்டக்காரனாக வரும் ஹெய்ன்ஸ், ஆட்டத்தை விரைந்து முடித்துவிட்டு அவனைத் தடுக்க ஓட வேண்டும். வழியில் லைட்டர் சாக்கடைக் கம்பிகளுக்கிடையே விழுந்துவிடுகிறது. புரூனோ கையை உள்ளே நுழைக்கிறான். விரல் நுனி லைட்டரைத் தொடுகிறது, அது நழுவி இன்னும் கீழே விழுகிறது, அவன் முகம் வியர்க்கிறது, தோள்வரை கை இறங்குகிறது. அந்த நிமிடத்தில் உங்கள் மனம் யார் பக்கம் இருந்தது? என் விரல்களும் அவனோடு சேர்ந்து நீண்டிருந்ததை நான் வெட்கத்தோடு உணர்ந்தேன். ஒரு கொலைகாரன் நிரபராதியை மாட்டிவிடத் தேடும் பொருள் அவன் கைக்குக் கிடைக்க வேண்டும் என்று விரும்பினேன். எவரையும் கொலைக்கு இணங்கவைக்க முடியும் என்று நாவல் ஹெய்ன்ஸை வைத்துக் காட்டியதை, படம் இருக்கையில் அமர்ந்திருக்கும் என்னை வைத்துக் காட்டிவிட்டது. அதற்கு ஹெய்ன்ஸ் நிரபராதியாக இருந்தாக வேண்டும். அவனும் கொலைகாரனாக இருந்திருந்தால், யார் ஜெயித்தால் என்ன என்று நான் விலகி நின்றிருப்பேன்.

ராபர்ட் வாக்கர் இல்லாமல் இது நடந்திருக்காது. புரூனோவை அவர் அரக்கனாக நடிக்கவில்லை, கவனிப்புக்கு ஏங்கும் பிள்ளையாக நடித்தார். டென்னிஸ் அரங்கில் எல்லாத் தலைகளும் பந்தோடு இடவலமாகத் திரும்ப, அவர் தலை மட்டும் அசையாமல் ஹெய்ன்ஸையே பார்த்திருக்கும் காட்சியில் பயத்தோடு சேர்ந்து ஓர் இரக்கமும் வருகிறது. படம் வெளியான 1951ஆம் ஆண்டிலேயே, 32 வயதில், அவர் மறைந்தார்.

ஆனால் ஓரிடத்தில் உங்கள் மனக்குறை முழுக்க நியாயமானது. இருவரும் கடைசியில் மோதிக்கொள்ளும் குடைராட்டினம் கட்டுமீறிச் சுழன்று நொறுங்குவதோடு படத்தில் எல்லாம் தீர்ந்துவிடுகிறது. ஹெய்ன்ஸ் காதலியோடு ரயிலேறுகிறான். நாவலில் புரூனோ கடலில் மூழ்கும்போது அவனைக் காப்பாற்ற நீரில் குதிப்பவன் ஹெய்ன்ஸ்தான், ஏனென்றால் அதற்குள் இருவரும் ஒருவரே ஆகிவிட்டிருக்கிறார்கள். பிறகு, மன்னிப்போ தண்டனையோ ஏதாவது கிடைக்கும் என்று, இறந்த மனைவியின் பழைய காதலனைத் தேடிப் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறான். எதிரில் குடித்துக்கொண்டிருக்கும் அந்த மனிதனுக்கு அதில் அக்கறையே இல்லை. அவன் பாவத்தைக் கேட்டு அதிர்வதற்குக்கூட அந்த அறையில் ஆள் இல்லை. கேட்டுக்கொண்டிருப்பது, தொலைபேசியின் மறுமுனையில் இருக்கும் துப்பறிவாளர் மட்டுமே. அந்த அறைக்குள் ஹிட்ச்காக்கின் கேமரா போகவில்லை. போயிருக்க வேண்டும் என்று நானும் விரும்புகிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்