மொட்டை மாடியில் கிடக்கும் மேசை, நாற்காலி, ஊஞ்சலுக்கு என்ன கவர் வாங்கலாம்? நீலத் தார்பாய் போதாதா?

நீங்கள் கேட்டிருப்பது இது: திருவான்மியூரில் கடலுக்குப் பக்கத்தில் வீடு. மொட்டை மாடியில் இரும்பு மேசை ஒன்று, அதோடு நான்கு இரும்பு நாற்காலிகள், ஒரு தேக்கு பெஞ்ச், ஒரு பிரம்பு ஊஞ்சல். ஐப்பசி பிறப்பதற்குள் எல்லாவற்றையும் மூடிவிட வேண்டும். தார்பாய் வாங்கிக் கட்டினால் போதுமா, இல்லை ஆன்லைனில் 'வாட்டர்ப்ரூஃப்' என்று போட்டு விற்கும் கவரை வாங்குவதா?

எங்கள் வீடும் உப்புக்காற்று அடிக்கிற தூரத்தில்தான் இருக்கிறது. வருஷா வருஷம் மழைக்கு முன்னால் எங்கள் மாடியிலும் இதே வேலை நடக்கும். அதனால் தெரிந்ததை விவரமாகவே சொல்கிறேன்.

முதலில் தார்பாய். அதைத் தரைவரை இறக்கி, சுற்றிக் கயிறு கட்டி, மூச்சு விடாமல் மூடிவைக்காதீர்கள். மழையை அது தடுக்கும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் மழை பெய்து முடிந்த மாடியின் தரை ஈரமாகத்தான் இருக்கும். மறுநாள் பத்து மணி வெயிலில் அந்த ஈரம் ஆவியாகித் தார்பாய்க்குள்ளேயே ஏறி நிற்கும். ராத்திரி குளிர்ந்ததும் பாயின் உட்புறத்தில் முத்து முத்தாகக் கோத்துக்கொண்டு, திரும்ப மேசை நாற்காலி மேலேயே சொட்டும். அடுத்த நாளும் இதே கதை. மூடாமல் விட்ட நாற்காலி மழை விட்ட சில மணி நேரத்தில் காற்றில் காய்ந்துவிடும். மூடிய நாற்காலி மார்கழிவரை காயவே காயாது.

எங்கள் தெருவில் ஒரு வீட்டில் போகிக்குச் சுத்தம் செய்யும்போது தார்பாயைப் பிரித்தார்கள், நானும் கூட இருந்தேன். உள்ளே பிரம்பு நாற்காலியின் கைப்பிடி முழுக்க வெள்ளையும் பச்சையுமாகப் பூஞ்சை. கால்களைச் சுற்றியிருந்த பிரம்பு நார், தொட்டதும் அவிழ்ந்து வந்தது. இரும்பு ஸ்டூலில் வெல்டிங் வைத்த இடங்களில் மட்டும் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. நகத்தால் ஒரு கொப்புளத்தைக் கீறினால் அடியில் செம்மண் நிறத்தில் துருத்தண்ணீர். மழை நேரடியாக ஒரு சொட்டுகூடப் படாத சாமான்கள் அவை. அதனால் கவர் வாங்கும்போது, தண்ணீர் உள்ளே போகாமல் இருக்குமா என்பதோடு, உள்ளே உள்ள ஈரம் வெளியே வர வழி இருக்கிறதா என்றும் பாருங்கள். இந்த ரெண்டாவதைத்தான் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் பார்ப்பதில்லை.

தார்பாய்க்கு இன்னொரு பலவீனம் வெயில். சாதாரண நீலத் தார்பாய் என்பது பிளாஸ்டிக் நாடாக்களைப் பாய் போலப் பின்னி, இரண்டு பக்கமும் மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒட்டியது. புற ஊதாக் கதிரைத் தாங்கும் மருந்து சேர்க்காத ரகமாக இருந்தால் ஒரு கத்திரியைத் தாண்டுவதே பெரிய விஷயம். அதற்குப் பிறகு மடித்தால் அப்பளம் மாதிரி நொறுங்கும். அந்த நீலத் துகள்கள் மாடி முழுக்கப் பறந்து மழைநீர்க் குழாயில் போய் அடைக்கும். கடையில் ஜிஎஸ்எம் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். ஒரு சதுர மீட்டர் பாய் எத்தனை கிராம் என்பதுதான் அது. 90 என்றால் மெல்லிசு, 200க்கு மேல் நல்ல கனம். மழை கொட்டும் ரெண்டு நாளுக்கு அவசரமாகப் போட்டு எடுக்கத் தார்பாய் சரி. சீசன் முழுக்கப் போர்த்தி வைக்க வேண்டாம்.

பழைய ப்ளெக்ஸ் பேனரைப் போர்த்துகிறவர்களும் உண்டு. அதற்கும் இதே பதில்தான். அதிலும் காற்று போகாது, வெயிலில் சூடேறிப் பெயிண்ட் மேல் ஒட்டிக்கொள்ளவும் செய்யும்.

இனி துணிக் கவர். ஆன்லைனில் வருவது பெரும்பாலும் பாலியஸ்டர் ஆக்ஸ்ஃபோர்டு துணி. 210டி, 420டி, 600டி என்று எழுதியிருக்கும். டி என்பது டெனியர். 9000 மீட்டர் நூல் எத்தனை கிராம் எடை இருக்கிறது என்பதே அந்த எண். பைக் கவருக்கு வரும் 210 மாடிக்குத் தாங்காது. நாற்காலியின் கூரான முனை உரசும் இடத்தில் சீக்கிரமே ஓட்டை விழும். 600 வாங்குங்கள்.

துணியை விட முக்கியம் அதன் உட்பூச்சு. ஒன்று பியூ (பாலியூரித்தேன்), இன்னொன்று பிவிசி, இரண்டும் பிளாஸ்டிக் வகைப் பூச்சுதான். பிவிசி கனமானது, முரடு, தண்ணீரை நன்றாகவே தடுக்கும். ஆனால் மடக்கி எடுத்துவைக்கச் சிரமம், காற்றும் போகாது. பியூ லேசானது, கையாளச் சுலபம். ஆனால் புழுக்கமும் ஈரமும் சேர்ந்தால் அதில் பெரும்பாலான ரகங்கள் மெல்ல மெல்லச் சிதையும். முதலில் பிசுபிசுக்கும், பிறகு தோல் மாதிரி உரியும். சென்னையில் வருஷத்தில் பாதி நாள் புழுக்கம்தான். ஆகவே பியூ கவரைப் பல வருஷம் வரும் என்று நினைத்து வாங்காதீர்கள். அப்படியும் நான் சொல்வது பியூ பூசிய 600டிதான். தினமும் கழற்றி மாட்டச் சோம்பல் வராத கவர் அதுதான், சாமானைக் காப்பாற்றுவதும் அந்தப் பழக்கம்தான். காசு பிரச்சினை இல்லை என்றால், நூலாக இழுக்கும் முன்பே சாயம் சேர்த்த அக்ரிலிக் துணி இருக்கிறது. எளிதில் வெளுக்காது, காற்றும் போகும். விலை பல மடங்கு.

கவர் வீட்டுக்கு வந்ததும் மூன்று சோதனை செய்யுங்கள், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள். ஒன்று, உட்புறத்தைத் திருப்பி நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். பூச்சு மாவாக வந்தால் வேண்டாம். இரண்டு, தையலை வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். ஊசி ஓட்டை வழியாகப் புள்ளி புள்ளியாக வெளிச்சம் தெரிந்தால் மழையும் அந்த வழியாகத்தான் வரும். நல்ல கவரில் தையல் மேல் உட்புறமாக ஒரு டேப் ஒட்டியிருப்பார்கள். மூன்று, மேல்பாகத்துத் துணியைக் குழியாகப் பிடித்து ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றி, அடியில் செய்தித்தாள் விரித்து அரை மணி நேரம் விடுங்கள். துணி தாங்கி, தையல் ஒழுகினால், அது தண்ணீர் புகாத துணி, தண்ணீர் புகும் கவர். விளம்பரத்தில் இரண்டையும் ஒன்றாகத்தான் சொல்வார்கள்.

காற்று வழி கட்டாயம் வேண்டும். எதிரெதிர்ப் பக்கத்தில் இரண்டு ஜன்னல், மேலே மழை விழாதபடி ஒரு மடிப்பு, உள்ளே கொசுவலை. வலை இல்லாவிட்டால் குளவி கூடு கட்டிவிடும். கவரின் கீழ் விளிம்பு தரையைத் தொடக் கூடாது, நாலு விரல் இடைவெளி இருக்கட்டும். தரையில் புரண்டால் துணி தண்ணீரை உறிஞ்சி மேலே ஏற்றும், காற்றும் நுழையாது.

அளவு எடுக்கும்போது நாற்காலியின் உட்காரும் பாகத்தை அளந்துவிட்டு ஏமாறாதீர்கள். கைப்பிடிதான் பெரும்பாலும் அகலமான இடம், முதுகின் சாய்வுதான் நீளமான இடம். அதற்கு மேல் இரண்டு அங்குலம் தாராளம் விட்டால் போதும். எல்லாச் சாமானையும் ஒன்றாகக் குவித்து ஒரே பெரிய கவர் போடும் யோசனை வேண்டாம். நாற்காலிக்கும் மேசைக்கும் நடுவே துணி தொங்கி, அங்கே குளம் கட்டும்.

குளம் கட்டுவது சின்ன விஷயம் இல்லை. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். ஐந்தடிக்கு மூன்றடி மேசை ஏறக்குறைய 1.4 சதுர மீட்டர். ஐப்பசி, கார்த்திகையில் 50 மில்லிமீட்டர் மழை என்பது சென்னைக்கு ஒரு நல்ல மாலை மழைதான். அந்த மேசை மேல் மட்டும் 70 லிட்டர் விழுகிறது. அதில் கால்வாசி தேங்கினாலே ஒரு பக்கெட் கனம் துணியை இழுக்கும், தையல் பிரியும். தேங்கிய தண்ணீரில் ஒரு வாரம், பத்து நாளில் டெங்கு கொசு வளர்ந்து பறந்துவிடும். மாநகராட்சி ஆட்கள் மாடி ஏறிப் பார்ப்பதும் இதற்காகத்தான். வழி சுலபம்: மேசை நடுவில் ஒரு பழைய பிளாஸ்டிக் பக்கெட்டைக் கவிழ்த்து வைத்து, அதன் மேல் கவரைப் போடுங்கள். நாலு பக்கமும் சரிவு கிடைக்கும். உள்ளே காற்று நிற்க இடமும் கிடைக்கும்.

ரெடிமேடில் உங்கள் அளவு கிடைக்காவிட்டால் தைத்துக்கொள்ளலாம். ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு பக்கம் கார் சீட் கவர் தைக்கிறவர்களிடம் கேளுங்கள். அவர்கள் கையில் தடித்த ஊசி மெஷினும் பாலியஸ்டர் நூலும் இருக்கும். சாதாரணப் பருத்தி நூலில் தைத்தால் துணி நன்றாக இருக்கும்போதே நூல் இற்றுவிடும். எங்களுக்குத் தைத்துக் கொடுத்த தையல்காரர், நாங்கள் கேட்காமலேயே சொன்னார்: "மேல் பலகையில தையலே வேணாம் சார். ஒரே பீஸா வெட்டி சைடுல இறக்கித் தர்றேன். தையல் சைடுல இருந்தா தண்ணி நிக்காம ஓடிரும்." அந்த யோசனைக்கே அவருக்குக் கூலி கொடுக்கலாம். நாடாவுக்குப் பதில் பக்கிள் வைக்கச் சொல்லுங்கள். நனைந்த நாடா முடிச்சை அவிழ்ப்பது பெரும்பாடு, பிறகு யாரும் கவரைத் திறக்கவே மாட்டார்கள்.

இப்போது உங்கள் சாமான்களுக்கு வருகிறேன்.

இரும்பு மேசை, நாற்காலிகளை மூடும் முன்பு நல்ல தண்ணீரில் கழுவிக் காயவையுங்கள். கடலோரத்தில் இது மிக முக்கியம். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். நம் ஊர் ராத்திரிகளில் ஈரப்பதம் அதைத் தாண்டுவது சர்வ சாதாரணம். உப்புப் படிவத்தோடு மூடினால், மழையே பெய்யாவிட்டாலும் உள்ளே ஈரம்தான். போர் தண்ணீர் உப்புக் கரித்தால் அதில் கழுவிப் பயனில்லை, மெட்ரோ வாட்டரில் ரெண்டு சொம்பு கடைசியாக ஊற்றுங்கள். வெல்டிங் முனைகளிலும் கால் அடியிலும் துரு தெரிந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ரெட் ஆக்சைடு அடித்து, அதன் மேல் பெயிண்ட். கால் நுனியில் மாட்டியிருக்கும் புஷ்ஷைக் கழற்றிப் பாருங்கள். குழாய்க்குள் இறங்கிய தண்ணீர் அங்கேதான் நிற்கும்.

தேக்கு பெஞ்சுக்கு அவ்வளவு கவலை வேண்டாம். மழையில் நனைந்து வெயிலில் காய்ந்தால் சாம்பல் நிறமாகும், அவ்வளவுதான், பலம் போகாது. மூடுவதானால் காற்றோட்டமான கவர் மட்டும். ஆணிகள் சாதாரண இரும்பாக இருந்தால் சுற்றி நீலக்கறுப்புக் கறை படியும். அது இரும்பும் மரத்தின் துவர்ப்பும் ஈரத்தில் சேர்வதால் வருவது. ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூவாக மாற்றிவிடுங்கள்.

பிரம்பு ஊஞ்சலை எந்தக் கவரை நம்பியும் வெளியே விடாதீர்கள். ஐப்பசி முதல் மார்கழி முடியும்வரை அது வீட்டுக்குள் இருக்கட்டும். ஹாலில் இடம் அடைக்கும், பரவாயில்லை. மெத்தை, குஷன்களும் அப்படியே.

மழைக்காலத்தில் வெயில் எட்டிப்பார்க்கும் நாளிலெல்லாம் கவரைத் தூக்கி ரெண்டு மணி நேரம் திறந்து வையுங்கள். காலையில் துணி உலர்த்த மாடிக்குப் போகிறவர்கள் கையோடு செய்துவிடலாம். கவர் அழுக்கானால் வெறும் தண்ணீரும் மென்மையான பிரஷ்ஷும் போதும். வாஷிங் மெஷினில் போட்டால் பூச்சு உரியும். இரண்டு பக்கமும் காய்ந்த பிறகே மடியுங்கள்.

கவர் பறக்காமல் இருக்க மேலே செங்கல் வைக்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். காற்றில் துணி உப்பும்போது கல் கைப்பிடிச்சுவரைத் தாண்டித் தெருவில் போகிறவர் தலையில் விழும். பக்கிளை நாற்காலிக் காலோடு சேர்த்து மாட்டுங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் கவரையே கழற்றிவிடுங்கள். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் வந்தபோது சென்னையில் காற்று மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் வீசியது. அந்த வேகத்தில் கவர் போட்ட நாற்காலி பாய்மரம் கட்டியதற்குச் சமம். நாற்காலிகளைக் கீழே இறக்குங்கள், மேசையைக் கவிழ்த்துப் போட்டுத் தூணோடு கட்டுங்கள். நனைந்தால் நனையட்டும், கழுவித் துடைத்துக்கொள்ளலாம்.

மேசையின் நீளம், அகலம், உயரத்தையும், நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்க முடியுமா என்பதையும் கருத்தில் எழுதுங்கள். எத்தனை மீட்டர் துணி வாங்க வேண்டும், எங்கே மடிப்பு வைக்கச் சொல்ல வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.