ஓலை படிக்க விரும்பும் மகளுக்காக

பொறையாற்றிலிருந்து எழுதிய ஐயாவுக்கு,

பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் பிரிவில் நல்ல மதிப்பெண் பெற்ற உங்கள் மகள், தமிழும் வரலாறும் படித்துப் பழைய சுவடிகளை ஆராய வேண்டும் என்கிறாள். நீங்களோ மைத்துனரின் பேச்சைக் கேட்டு, பத்து மா நிலத்தை விற்றாவது நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஒன்றில் அவளை மருத்துவத்தில் சேர்க்க நினைக்கிறீர்கள். திடப்படுத்தல் வகுப்பிலேயே (சபையில் முழு உறுப்பினராகச் சேருமுன் நடக்கும் விசுவாசப் பாடத்திலேயே) ஓயாமல் கேள்வி கேட்டவள் சுவடிப் படிப்புக்குப் போனால் விசுவாசத்தையும் இழப்பாள் என்று சபையார் சிலர் சொன்னது உங்களை மேலும் கலங்கடித்திருக்கிறது. ஆறுதல் சொல்லி முடிக்க எனக்கு மனமில்லை. நீங்கள் எடுக்கவிருக்கும் முடிவு தவறானது.

நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் மருத்துவப் படிப்புக்குக் கல்விக்கட்டணமே ஆண்டுக்கு 20 லட்சம் ரூபாயைத் தாண்டுகிறது. விருப்பமில்லாத பிள்ளையின் பெயரில் நிலத்தை விற்காதீர்கள். கடன் பத்திரத்திலும் கையெழுத்திடாதீர்கள். மைத்துனர் கட்டணத்தில் பங்கு தருவதாகச் சொன்னாலும் என் பதில் இதுதான்.

விசுவாசத்தைப் பற்றிய பயத்துக்கு மத்தேயு 22:37 போதும்: இருதயத்தோடும் ஆத்துமாவோடும் நிறுத்தாமல், முழு மனதோடும் கர்த்தரிடத்தில் அன்புகூர வேண்டும் என்று இயேசு சொன்னார். அந்த மனத்தைப் பயிற்றுவதும் ஆராதனையே என்று நான் நம்புகிறேன். உங்கள் பக்கத்து ஊரான தரங்கம்பாடியில் 1706-இல் வந்திறங்கிய ஜெர்மானிய லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு, திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்றார். ஓலைச்சுவடிகளைத் தேடிச் சேர்த்து, 1708-இல் அவற்றுக்கு ஓர் அட்டவணையே தயாரித்தார். தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி அவர் எழுதிய நூலை அச்சிட ஜெர்மனியின் ஹாலே நகரில் இருந்த மிஷன் மேலிடம் மறுத்துவிட்டது. அது 1867-இல்தான் வெளிவந்தது. அறிவைக் கண்டு அஞ்சுவது சபைக்குப் புதிதல்ல. ஆனால் அந்த வாசிப்பால் அவருடைய விசுவாசம் குலையவில்லை. 1715-இல் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தவரும் அவரே.

உங்கள் மகள் கேட்கும் துறை எளிதானதும் அல்ல. பழைய ஓலையில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. துணைக்காலும் (ா) ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும். எகர ஏகார வேறுபாட்டையும் வாசிப்பவரே இடம் பார்த்து முடிவு செய்ய வேண்டும். சொற்களுக்கிடையே இடைவெளியும் கிடையாது. இலக்கணமும் யாப்பும் தெரியாதவர் ஒரு வரியைக்கூடப் பிரிக்க முடியாது. எலுமிச்சைப்புல் எண்ணெய் தடவிச் சுவடியைக் காப்பது, மை பூசி மங்கிய எழுத்தைத் துலக்குவது, பல படிகளை ஒப்பிட்டுச் சரியான பாடத்தைத் தேர்வது எல்லாம் கைப்பழக்கத்தோடு வரவேண்டியவை. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே ஓலைச்சுவடித் துறை இருக்கிறது. சரசுவதி மகால் நூலகமும் அதே ஊரில்தான். இவற்றோடு ஜெர்மன் மொழியும் கற்றால், ஹாலேயில் உள்ள தமிழ் ஓலைகளையும் தரங்கம்பாடி மிஷன் கடிதங்களையும் மூலத்திலேயே படிப்பாள். தமிழும் ஜெர்மனும் ஒருசேரத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. அவளுடைய வாய்ப்பு அங்கேதான் இருக்கிறது.

அறிவியல் பிரிவில் படித்தவர்களும் இளங்கலைத் தமிழிலோ வரலாற்றிலோ சேரலாம். வீட்டிலிருந்து போய்வரும் தூரத்தில் அரசுக் கல்லூரியோ உதவிபெறும் கல்லூரியோ போதும். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலோ உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியிலோ படித்திருந்தால், புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். முதுகலைக்குப் பின் இளநிலை ஆய்வு உதவித்தொகைக்கான தேசியத் தேர்வில் வென்றால், ஆய்வுக் காலத்தின் தொடக்கத்தில் மாதம் 37,000 ரூபாய் வரும்.

நிரந்தர வேலைக்குப் பல ஆண்டுகள் காத்திருக்க நேரலாம், பணியிடங்களும் குறைவு. இதை அவளிடமே சொல்லுங்கள். அதைக் கேட்ட பிறகும் அவள் உறுதியாக இருந்தால் விண்ணப்பத்தில் கையெழுத்திடுங்கள்; முதல் பருவத்திலிருந்தே ஜெர்மன் வகுப்புக்கான கட்டணத்தை ஒதுக்கி வையுங்கள்.