மறதி நோய் வந்தபின் அவர் அதே ஆள்தானா?

அப்பாவுக்கு மறதி நோய், குணமே மாறிவிட்டது, இவரை இன்னும் அதே ஆள் என்று சொல்ல முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மருத்துவர் இல்லை. கானாடுகாத்தானில் எங்கள் அப்பத்தாவை ஆறு வருஷம் கூட இருந்து பார்த்தவன்.

அப்பத்தா கணக்கில் கறார். நாலணா செலவும் நோட்டில் ஏறிவிடும். நோய் முற்றியதும் என்னைத் தன் தம்பியாக நினைத்து, "அப்பச்சி கடுதாசி போட்டாகளா?" என்பார். 1942-இல் ஜப்பான் படை ரங்கூனைப் பிடித்தபோது அவருடைய அப்பச்சி, அதாவது அப்பா, அங்கே இருந்தார். காலையில் தின்ற இட்லி மறந்துவிடும், அந்தக் கவலை மட்டும் போகவில்லை. புது நினைவைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப் பகுதியை அல்சைமர் என்ற மறதி நோய் பெரும்பாலும் ஆரம்பத்திலேயே தாக்குகிறது. பழைய நினைவுகள் மூளையின் மேற்பரப்பெங்கும் பரவியிருப்பதால் கொஞ்சம் தாக்குப்பிடிக்கின்றன.

ஒருநாள் நனைத்த பனை ஓலையை மடியில் வைத்தேன். விரல்கள் தாமாகக் கொட்டான் கூடை பின்ன ஆரம்பித்தன. நான் ஓர் ஓலையை மாற்றிக் கோத்ததும் கையில் ஒரு தட்டு, "ஒண்ணு விட்டு ஒண்ணு!" முடித்ததும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கே, யாரு பின்னுனது?" என்றார்.

இதேபோல ஒன்று ஆய்வில் பதிவாகியிருக்கிறது. 1953-இல் வலிப்புக்காக ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்கருக்கு இருபக்க ஹிப்போகேம்பஸிலும் பெரும்பகுதியை எடுத்துவிட்டார்கள். கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரையப் பழக்கினால் நாளுக்கு நாள் கை தேறியது, ஆனால் முன்பு வரைந்த நினைவே அவருக்கு இல்லை. கைப்பழக்கம் சிறுமூளை போன்ற வேறு இடங்களை நம்பியிருக்கிறது.

குணம் மாறுவதுதான் கஷ்டம். அப்பத்தா வேலைக்காரம்மாவைக் கெட்ட வார்த்தையில் திட்டியபோது சித்தப்பா, "இது எங்க ஆத்தா இல்லைடா" என்று அழுதுவிட்டார். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதி பழுதானால் அடக்கம் போய்விடலாம். 1848-இல் தலையில் இரும்புக் கம்பி பாய்ந்த ஃபினியஸ் கேஜ் என்ற அமெரிக்கரை, 'இவர் பழைய கேஜ் இல்லை' என்றார்கள். அதே மனிதர் பிறகு சிலி நாட்டில் பல வருஷம் குதிரை வண்டி ஓட்டினார் என்பதை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. குணம் மாறினாலும் ஆள் முழுக்கப் போய்விடுவதில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது, அதனால் சித்தப்பா சொன்னதில் உடன்பாடில்லை.

ஆனால் குணம் இரண்டே நாளில் திடீரென மாறினால் அது வேறு விஷயம். சிறுநீர்த் தொற்றுகூட வயதானவர்களை அப்படிக் குழப்பும், உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். மற்றபடி, அப்பா என்ன தொழில் பார்த்தார்? அந்தச் சாமானில் ஆபத்தில்லாத ஒன்றை அவர் கையில் கொடுத்துப் பாருங்கள்.