பாக்கெட்டில் 29, காதில் எவ்வளவு?

கேள்வி: உலோகப் பாகங்கள் கடையும் பட்டறையில் பாதுகாப்புப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். மீட்டரில் இரைச்சல் 88 டெசிபல் காட்டுகிறது. எல்லோருக்கும் என்.ஆர்.ஆர். (இரைச்சலை எத்தனை டெசிபல் குறைக்கும் என்ற மதிப்பீடு) 29 என்று அச்சிட்ட நுரை இயர் பிளக் கொடுக்கிறோம். 88-இல் 29 போனால் 59தானே? ஆனாலும் இந்த ஆண்டுப் பரிசோதனையில் இருவருக்குக் கேட்கும் திறன் குறைந்திருக்கிறது. தப்பு எங்கே? இரைச்சல் அளவீட்டை முறையாகக் கற்க எங்கே தொடங்குவது?

பதில்: முதலில் அந்த இருவரையும் கவனியுங்கள். ஷிப்ட் முடிந்த கையோடு காதைச் சோதித்தால் தற்காலிக மந்தமும் சேர்ந்து பதிவாகும். குறைந்தது 14 மணி நேரம் இரைச்சலில்லாமல் இருந்த பிறகு, 30 நாட்களுக்குள் மறுபரிசோதனை செய்யச் சொல்லுங்கள். பழைய ஆடியோகிராமோடு (கேட்கும் திறன் வரைபடம்) ஒப்பிடும்போது 2000, 3000, 4000 ஹெர்ட்ஸ் மூன்றின் சராசரி 10 டெசிபல் அல்லது அதற்கு மேல் சரிந்திருந்தால் அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் விதிப்படி அது கணக்கில் கொள்ள வேண்டிய சரிவு. இரைச்சலால் வந்த சேதம் வழக்கமாக 4000-ஐ ஒட்டிப் பள்ளமாக விழும். 8000-இல் கோடு கொஞ்சம் மேலேறும். தாழ்ந்த அலைவரிசைகளும் சேர்ந்து இறங்கியிருந்தால் காதழுக்கோ நடுக்காதுக் கோளாறோ இருக்கலாம். ஒரு காதில் மட்டும் சரிவு என்றால் தாமதிக்காமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அனுப்புங்கள். அவர்கள் டொலுயீன், ஸ்டைரீன் போன்ற கரைப்பான்களைக் கையாளுகிறார்களா என்றும் கேளுங்கள். அவையும் உட்காதைக் கெடுக்கும். இரைச்சலோடு சேர்ந்தால் சேதம் கூடும்.

இனி உங்கள் கழித்தல். 29 என்பது அமைதியான ஆய்வுக்கூடத்தில், பிளக் சரியாகப் பொருத்தப்பட்ட காதுகளில் கிடைத்த எண். உங்கள் மீட்டர் ஏ-எடை அளவில் (மனிதக் காது கேட்கும் விதத்துக்கேற்பத் திருத்திய அளவு) படிப்பதால் முதலில் 7-ஐக் கழிக்க வேண்டும், மிச்சம் 22. நடைமுறைக்கு அதில் பாதியைத்தான் நம்பலாம் என்பது ஓஷாவின் வழிகாட்டல், ஆக 11. காதுக்குள் போவது 59 அல்ல, சுமார் 77. அதுவும் மோசமில்லை. அப்படியிருந்தும் கேட்கும் திறன் குறைகிறதென்றால், ஒன்று 88 தப்பாக இருக்க வேண்டும், அல்லது பிளக் முழு நேரமும் காதில் இருந்திருக்காது. பெரும்பாலும் இரண்டுமே.

88-ஐ எங்கே நின்று எடுத்தீர்கள்? பட்டறை நடுவில் நின்று எடுத்த எண் பட்டறையைப் பற்றிச் சொல்லும், ஆளைப் பற்றிச் சொல்லாது. அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனமான நியோஷ் பரிந்துரைக்கும் வரம்பு 8 மணி நேரத்துக்கு 85. ஒவ்வொரு 3 டெசிபல் ஏற்றத்துக்கும் நேரம் பாதியாகக் குறையும். 88-இல் 4 மணி, 91-இல் 2 மணி, 100-இல் வெறும் 15 நிமிடம். ஒருவர் ஏழரை மணி நேரம் 88-இல் நின்று, அரை மணி நேரம் ஏர் அடித்துப் பாகங்களைச் சுத்தம் செய்கிறார், அப்போது காதருகே 100 என்று வைத்துக்கொள்வோம். ஏழரை மணி நேரத்தின் டோஸ் (ஒரு நாளுக்கு அனுமதித்த இரைச்சலில் எத்தனை சதவீதம் பட்டது என்பது) 187.5 சதவீதம், அந்த அரை மணி நேரத்தின் டோஸ் மட்டுமே 200 சதவீதம். நாள் முழுவதற்கும் சேர்த்தால் 8 மணி நேரச் சராசரி 91 டெசிபலைத் தொடுகிறது. உங்கள் மீட்டர் பார்க்காமல் விட்டது அந்த அரை மணி நேரமாக இருக்கலாம்.

ஆகவே ஆள் மேலேயே டோசிமீட்டர் (நாள் முழுதும் படும் இரைச்சலைக் கூட்டிக் காட்டும் கருவி) மாட்டுங்கள். மைக் தோளின் மேல், கழுத்துக்கும் தோள் விளிம்புக்கும் நடுவில், இரைச்சல் அதிகம் படும் காதின் பக்கம், காதிலிருந்து சுமார் 10 சென்டிமீட்டர் தள்ளி இருக்கட்டும். நுரை உறை கழன்றுவிடக் கூடாது. மாட்டும் முன்பும் கழற்றிய பின்பும் காலிபிரேட்டரில் (தெரிந்த அளவு ஒலி எழுப்பும் சோதனைக் கருவி) சோதியுங்கள். இரண்டுக்கும் 0.5 டெசிபலுக்கு மேல் வித்தியாசம் வந்தால் அந்த அளவீட்டைத் தூக்கிப் போடுங்கள். கருவியின் அமைப்பில் மாற்று வீதம் (எத்தனை டெசிபல் ஏறினால் நேரம் பாதியாகும் என்பது) 3-க்குப் பதில் 5 டெசிபலாக இருந்தால் முடிவு அழகாகக் குறைந்து தெரியும். வாடகைக்கு எடுத்த கருவிகளில் இதை முதலில் பாருங்கள். ஆளோடு இருந்து, எந்த வேலையை எத்தனை மணிக்குச் செய்தார் என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் வரைபடத்தில் எழும் மேடு இயந்திரமா, யாரோ மைக்கைத் தட்டியதா என்று பிறகு சொல்ல முடியாது.

அடுத்தது பிளக். 30 டெசிபல் உண்மையாகவே தடுக்கும் சாதனத்தைக்கூட 8 மணி நேரத்தில் 30 நிமிடம் கழற்றிவிட்டால், நாள் கணக்கில் கிடைக்கும் பாதுகாப்பு 12 டெசிபல்தான். ஏன் கழற்றுகிறார்கள்? பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்கவில்லை, இயந்திரத்தின் சத்தம் மாறுவது தெரியவில்லை. ஐரோப்பிய வழிகாட்டலின்படி காதுக்குள் 75 முதல் 80 வரை இருப்பது நல்லது. 70-க்குக் கீழே போனால் அதிகத் தடுப்பு. நன்றாகப் பொருத்தத் தெரிந்தவருக்கு உங்கள் 29 அங்கேதான் கொண்டுபோய் விடும். பெரிய எண்ணாகப் பார்த்து வாங்கியதே அவர் அதைக் கழற்றக் காரணமாகியிருக்கலாம்.

பொருத்தத் தெரியாதவருக்கு எதிர்ப்பக்கப் பிரச்சினை. சுத்தமான கையால் நுரையை மடிப்பில்லாமல் மெல்லிய குச்சியாக உருட்ட வேண்டும். மறு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காதை மேலும் பின்னும் இழுக்க வேண்டும். செருகி 20–30 விநாடி விரலால் பிடிக்க வேண்டும். நேரெதிரே நின்று பார்க்கும்போது பிளக்கின் முனை வெளியே நீட்டிக்கொண்டு தெரிந்தால் உட்காரவில்லை. கூட்டம் போட்டுச் சொல்லித் தருவதால் பெரிய பயனில்லை. ஒவ்வொருவராக உட்காரவைத்துச் செய்யச் சொல்லுங்கள். முடிந்தால் பொருத்தச் சோதனைக் கருவியில் அவரவர் காதில் எத்தனை டெசிபல் குறைகிறது என்று அளந்து, எண்ணை அவரிடமே காட்டுங்கள்.

ஆனால் பணத்தை முதலில் அந்த ஏர் கன்னில் செலவிடுவேன். திறந்த குழாய் முனையை மாற்றிப் பல சிறு துளைகள் கொண்ட அமைதி முனை போடுங்கள், அழுத்தத்தையும் வேலைக்குப் போதுமான அளவுக்கு இறக்குங்கள். காற்றுத் தாரையின் ஒலித்திறன் வேகத்தின் எட்டாம் படியை ஒட்டி ஏறுவதால், வேகத்தை 20 சதவீதம் குறைத்தாலே 7, 8 டெசிபல் இறங்கும். மேலே சொன்ன கணக்கில் 100 என்பது 90 ஆனால், நாளின் 91 என்பது 88-ஆகக் குறையும்.

கற்பதற்கு: சர்வதேசத் தொழில்சார் சுகாதாரப் பயிற்சிச் சங்கமான ஓ.எச்.டி.ஏ.வின் 201 எண் அடிப்படைப் பாடம். இரைச்சலுக்கென்றே ஐந்து நாள் 503 எண் பாடம். பயிற்சிக் கையேடுகளை அவர்கள் இலவசமாகவே தருகிறார்கள், சேரும் முன் படித்துவிடலாம். அதற்குள் மடக்கைக் கூட்டலை (டெசிபல்களை லாகரிதம் வழியாகக் கூட்டுவதை) கையால் போட்டுப் பழகுங்கள். 88 டெசிபல் இயந்திரம் இரண்டு சேர்ந்து ஓடினால் 176 அல்ல, 91.