செக்‌ஷன் முழுக்கப் பழுப்பா? குப்பியைத் தூக்கிப் போடும் முன்

கொழிஞ்சாம்பாறையிலிருந்து பாலக்காட்டுக்குப் போய்வரும் ஆய்வு மாணவி ஒருவர் கேட்கிறார்: "எலியின் கல்லீரலை மெல்லிதாகச் சீவிய செக்‌ஷனில் பிடிஐ என்சைமைப் பார்க்க, முயலில் தயாரித்த பாலிகுளோனல் ஆன்டிபாடி போடுகிறேன்; என்சைம் இருக்கும் இடம் மட்டும் பழுப்பாகத் தெரியவேண்டும். பழைய குப்பியில் நன்றாக வந்தது. புதுக் குப்பியில் நியூக்ளியஸ் உட்பட எல்லாமே பழுப்பு. பார்சல் வந்தபோது ஐஸ் உருகியிருந்தது. ஆன்டிபாடி கெட்டுவிட்டதா?"

பங்குனி வெயிலில் வாளையாறு தாண்டி வரும் பார்சலில் ஐஸ் உருகத்தான் செய்யும். ஓரிரு நாள் சூட்டில் ஆன்டிபாடி பெரும்பாலும் கெடாது. அப்படியே கெட்டாலும் நிறம் மங்குவதுதான் வழக்கம். உங்களுக்கோ நிறம் கூடியிருக்கிறது.

பிடிஐ, அதாவது புரோட்டீன் டைசல்ஃபைடு ஐசோமரேஸ், புரதம் மடியும்போது டைசல்ஃபைடு பிணைப்புகள் சரியான இடத்தில் அமைய உதவுவது. அமெரிக்க உயிர்வேதியியலாளர் அன்ஃபின்சனின் குழு 1963இல் இதைக் கண்டதே எலிக் கல்லீரலில்தான். அங்கே இது ஏராளம். இருப்பிடம் எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலம், அதாவது சைட்டோபிளாசத்தில் உள்ள சவ்வு வலை. ஆகவே பழுப்பு சைட்டோபிளாசத்தில் இருக்கவேண்டும், நியூக்ளியஸ் ஹெமடாக்சிலின் சாயத்தின் நீலத்தில் தெளிவாகத் தெரியவேண்டும்.

முதலில் பிரைமரி ஆன்டிபாடி, அதாவது குப்பியில் உள்ள முயல் ஆன்டிபாடி, போடாமல் ஒரு ஸ்லைடு செய்யுங்கள். அதுவும் பழுப்பானால் குப்பியின் மேல் தவறில்லை. பழுப்பு நிறத்தை உண்டாக்கும் பெராக்ஸிடேஸ் என்சைமும், அவிடின் ஒட்டிக்கொள்ளும் பயோட்டினும் கல்லீரலில் இயல்பாகவே உண்டு. செக்‌ஷனைச் சூடாக்கி ஆன்டிஜனை (ஆன்டிபாடி பிடிக்கும் புரதப் பகுதியை) மீட்கும்போது அந்தப் பயோட்டின் இன்னும் வெளிப்படும். பெராக்ஸிடேஸை அடக்க 3% ஹைட்ரஜன் பெராக்சைடில் 10 நிமிடம் வையுங்கள். நிறமேற்ற நீங்கள் எடுப்பது அவிடின்-பயோட்டின் கிட் என்றால், பயோட்டின் தேவைப்படாத பாலிமர் கிட்டுக்கு மாறிவிடுங்கள்.

அந்த ஸ்லைடு சுத்தமாக வந்தால், சரி, இனிக் குப்பியைப் பார்க்கலாம். பாலிகுளோனல் என்பது பல ஆன்டிபாடிகளின் கலவை. முயல் மாறினால், ஏன், அதே முயலில் ரத்தம் எடுத்த நாள் மாறினாலே கலவை மாறும். பழைய லாட்டின் (தயாரிப்புத் தொகுதியின்) டைலூஷன், அதாவது நீர்க்கும் அளவு, புதிதுக்குப் பொருந்தும் என்று நம்பவே கூடாது. 1:100, 1:200 என்று இரட்டித்து 1:1600 வரை ஒரே நாளில் ஓட்டுங்கள். சைட்டோபிளாசம் அழுத்தமாகவும் நியூக்ளியஸ் சுத்தமாகவும் இருக்கும் அளவே உங்களுடையது. கூடவே அதே செறிவில் சாதாரண முயல் ஐஜிஜி (பிடிஐயைக் குறிவைக்காத ஆன்டிபாடி) போட்ட ஸ்லைடு ஒன்றும் வேண்டும்.

அப்புறம் வெஸ்டர்ன் பிளாட்: புரதங்களை எடைவாரியாகப் பிரித்து, ஆன்டிபாடி எவற்றைப் பிடிக்கிறது என்று பேண்டுகளாகப் பார்ப்பது. பிடிஐ 57 கிலோடால்டன் அருகே ஓடும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்: அதன் குடும்பத்து இஆர்பி57-ம் கிட்டத்தட்ட அதே இடத்தில் ஓடும், இரண்டின் வினைமையத்திலும் ஒரே சிஜிஎச்சி அமினோ அமில வரிசை. பேண்ட் சரியான இடத்தில் இருப்பது மட்டும் போதாது. முயலுக்கு எந்தப் பகுதியைச் செலுத்தினார்கள் என்று கம்பெனியிடம் கேளுங்கள். கேடிஇஎல் என்ற அமினோ அமில வரிசையில் முடியும் வால் பகுதி என்றால், அதே வால் உள்ள வேறு புரதங்களான ஜிஆர்பி78, ஜிஆர்பி94 இரண்டையும் அது பிடிக்க வாய்ப்புண்டு; 78, 94 கிலோடால்டன் அருகே பேண்ட் தெரிகிறதா பாருங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் நியூக்ளியஸ் பழுப்பானால், ஸ்லைடு, பிளாட் படங்களோடு லாட் எண்ணைக் குறிப்பிட்டு வேறு லாட் கேளுங்கள். நல்ல லாட் கிடைத்ததும் ஆய்வு முடியும்வரை தேவையானதை அதிலேயே மொத்தமாக வாங்கி, சிறு பங்குகளாகப் பிரித்து -20 டிகிரியில் வையுங்கள்.